உப்புப் போட்ட சீசா

எனக்கு அந்த நாட்களில் மூக்கின் மேல் கோபம். வார்டில் தரை ஈரமாக இருந்தால் கத்துவேன். மருந்துச் சீட்டைக் கசக்கி மடியில் செருகி வந்தால் அதற்கும் கத்துவேன். அறுபதுகளின் நடுப்பகுதி, கடலூர் பழைய டவுனில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் முழுநேர டாக்டர் நான் ஒருத்திதான். சிதம்பரத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்திய ஒரு சர்ஜன் செவ்வாயும் வெள்ளியும் வந்து ஆபரேஷன் செய்துவிட்டுப் போவார். அவர் முன்னால் வாயே திறக்கமாட்டேன். என் கோபமெல்லாம் எதிர்த்துப் பேச முடியாதவர்களிடம்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதை மறைத்துவிட்டு அந்தக் குழந்தையைப் பற்றி எழுத முடியாது.

ஒரு புதன்கிழமை காலை, கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு மீனவரும் அவர் மனைவியும் ஐந்து மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது முன்கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வீக்கம். எலுமிச்சங்காய் அளவு இருக்கும். அம்மாக்காரிக்கு வயது இருபதுகூட இருக்காது.

"கருவளையல் இறுகிப் போச்சுங்க. எண்ண போட்டு உருவி எடுத்தேன். அப்பறந்தான் பாத்தா கட்டி இருக்குது," என்றாள். உருவிய வளையலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கட்டி கரைந்ததும் மறுபடி போட வேண்டுமாம்.

வீக்கத்தின் மேல் வட்டமாக இரண்டு தழும்புகள் இருந்தன. மஞ்சள் கிழங்கைச் சுட்டுச் சூடு வைத்திருக்கிறார்கள். நான் எகிறிவிட்டேன். "பச்சக் குழந்தைக்கு சூடு வெப்பியா? நீ எல்லாம் ஒரு அப்பனா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நல்ல உயரம், கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகள். திட்டி முடித்ததும், "இனிமே நீங்க சொல்றத மட்டும் செய்யிறேங்க," என்றார். அதை அப்படியே காப்பாற்றினார்.

கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சீழ்க்கட்டி என்றால் சுடும், அமுக்கினால் குழையும். இது கல் மாதிரி இருந்தது. தோலுக்கு அடியில் சதையோடு வேர் பிடித்திருந்தது. அமுக்கினால் குழந்தை அழக்கூட இல்லை, என் விரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. எக்ஸ்ரேயில் எலும்பில் கோளாறு தெரியவில்லை. படிக்கிற காலத்தில் பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி படித்தது நினைவுக்கு வந்தது: கைக்குழந்தைகளுக்குச் சதையில் கட்டி வருவது அபூர்வம், வந்தால் சார்கோமாவாக, அதாவது சதையில் வருகிற புற்றாக, இருக்கலாம், அது போலவே தோற்றம் காட்டும் சாதுவான கட்டியாகவும் இருக்கலாம். கையால் தொட்டு எதுவென்று சொல்ல முடியாது. ஒரு துண்டு வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்டு. புற்றென்றால் கையை எடுக்க வேண்டும். இல்லையென்றால் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதும். அந்தக் குழந்தையின் கை இருப்பதும் போவதும் ஒரு துண்டுச் சதையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சர்ஜன் வந்து பார்த்தார். ஈதர் கொடுத்து மயக்கி, புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு எடுத்தார். அதைப் பரிசோதிக்கிற வசதி எங்கள் பக்கத்தில் அப்போது இல்லை. மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்புவோம். நோயாளியின் ஆட்களே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். ஃபார்மலின் ஊற்றிய மருந்துச் சீசாவில் துண்டைப் போட்டு, கார்க் அடைத்து, மெழுகு வைத்து, ஒரு கடிதத்தோடு குழந்தையின் அப்பா கையில் கொடுத்தேன்.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் அவசரத்தில் இருந்தேன். "இது உன் கொழந்தயோட சதை. இத வெச்சுதான் கைய என்னா பண்றதுன்னு முடிவு பண்ணணும். அழுகாம கொண்டுபோய்ச் சேத்துடணும், தெரியுதா? கெட்டுப்போச்சுன்னா எல்லாம் வீண்," என்றேன்.

"அழுவாம பாத்துக்கறேங்க," என்றார். சீசாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சீசாவில் இருக்கும் தண்ணீர் எதற்கு என்று நான் சொல்லவில்லை. திறக்காதே என்றும் சொல்லவில்லை. மெழுகு வைத்த சீசாவை எவன் திறப்பான் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் முகத்தில் ஒரு நிறைவு. "கெடாம குடுத்துட்டேங்க," என்று லேபில் முத்திரை குத்திக் கொடுத்த சீட்டை நீட்டினார். ரிப்போர்ட் தபாலில் வரும், பத்து நாள் ஆகும், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அன்றைக்கு என் வாயில் அபூர்வமாக ஒரு நல்ல வார்த்தை வந்தது. "பரவாயில்லப்பா, பொறுப்பா செஞ்சிருக்க," என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. மூன்றே வரி. சதைத் துண்டு கல்லுப்பில் புதைத்த நிலையில் வந்தது, திசுக்கள் சுருங்கிச் சிதைந்துவிட்டன, பரிசோதனைக்கு லாயக்கில்லை, புதிதாக ஒரு துண்டு அனுப்பவும்.

உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. கம்பவுண்டரைக் கூப்பிட்டு, மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் அந்தக் குப்பத்துப் பெண்கள் மூலம் உடனே வரச்சொல்லித் தகவல் அனுப்பச் சொன்னேன். அவர்கள் வர மேலும் எட்டு நாள் ஆயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல், அதனால்தான் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை என்றாள் அம்மாக்காரி. நான் குழந்தையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடிதத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன்.

"உப்பு எதுக்குய்யா போட்ட? யாரு போடச் சொன்னாங்க உன்ன?"

அவர் மிரண்டுபோய்விட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. சனிக்கிழமை ரயிலேறி அவர் மதராஸ் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. லேப் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை வா என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறான். இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, சீசாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"செவப்பா இருந்திச்சிங்க குடுக்கும்போது. ஞாயித்துக்கெழம காலயில பாத்தா வெளுத்துப் போச்சு. மீனு செவுளு வெளுத்தா கெட்டுப் போச்சுன்னு அர்த்தங்க. கார்க்க லேசா தொறந்து மோந்தேன். கண்ணெல்லாம் எரியுது, அப்படி ஒரு நாத்தம். ஐயோ எம்பொண்ணு கை போச்சேன்னு பதறிட்டேங்க. தண்ணிய கொட்டிட்டு, நல்லா கழுவிட்டு, கடையில உப்பு வாங்கி அடச்சி வெச்சேன். ரெண்டு வேளயும் உப்பு மாத்தினேங்க. எங்க கையில எதுவும் கெடாதுங்க."

பிறகு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், "நீங்கதான அழுவாம பாத்துக்கன்னு சொன்னீங்க," என்றார்.

ஃபார்மலினில் கிடந்தால் சதை வெளுக்கும். வெளுத்தால்தான் அது பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். ஃபார்மலின் நெடி கண்ணை எரிக்கும். இந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. தலைமுறை தலைமுறையாகச் சதை கெடாமல் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம், அழுகாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் தனக்குத் தெரிந்த வித்தையை முழு மனசோடு செய்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அப்புறம்தான் குழந்தையின் துணியை விலக்கினேன். துண்டு எடுத்த இடத்தில் தையல் பிரிந்து, கட்டி பிதுங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஒரு மாங்காய் அளவுக்கு ஆகிவிட்டது. சுற்றிக் கட்டியிருந்த பழந்துணி முழுக்க ரத்தம். குழந்தையின் உதடு வெளிறிக் கிடந்தது. இந்தத் தடவை என் விரலைப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே டாக்சி வைத்துச் சிதம்பரத்துக்கு, சர்ஜனின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். "சார்கோமாதான். இருபத்தஞ்சு நாள்ல இப்படி வேற எது வளரும்? கைய எடுத்துடலாம்," என்றார்.

"சார், இன்னொரு தடவ துண்டு எடுத்து அனுப்பினா? நானே கொண்டு போறேன்," என்றேன். அவரிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ரிப்போர்ட் வர பத்து நாளுக்கு மேல ஆகும். அது வரைக்கும் இந்த ரத்தப்போக்குல கொழந்த இருக்குமா? நீ சொல்லு, இருக்கும்னு. நான் காத்திருக்கேன்."

இருக்கும் என்று எப்படிச் சொல்வது? கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கலாமே என்று தொண்டை வரை வந்தது. புற்றாக இருந்து, அதில் ஒரு இழை உள்ளே தங்கிவிட்டால் குழந்தையே போய்விடும். வந்த பேச்சை விழுங்கிவிட்டேன்.

குழந்தையின் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். வெளியே தேர் வீதியில் சைக்கிள் மணிச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கை போனா உசுரு நிக்குங்களா?"

"நிக்கும்."

கைநாட்டு வைத்தார். ரத்தம் வேண்டும் என்றதும் சட்டென்று கையை நீட்டினார். அவருடைய ரத்தமே சேர்ந்தது.

முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். ஈதர் சொட்டுவிடும் வேலை என்னுடையது. முகமூடியை அந்தச் சின்ன முகத்தில் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன், மேஜையின் மறுபக்கம் பார்க்கவே இல்லை. முடிந்ததும் கட்டியிலிருந்து மூன்று துண்டுகளை நானே வெட்டி ஃபார்மலினில் போட்டேன். மீதியை என்ன செய்வது என்று நர்ஸ் கேட்டாள். அதற்குள் வாசலில் அந்த மனிதர் நின்றார்.

"கைய எங்ககிட்ட குடுத்துடுங்க. குப்பையில போட்டுடாதீங்க."

ஒரு சின்ன ஓலைப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். அதில் வைத்துத் துணியால் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறிப் போனார். தேர் வீதிக் கூட்டத்தில் அவர் யார்மீதும் இடிக்காமல் நடந்து போனதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அன்று அழுதேன்.

சீசாவை நானே மதராஸுக்குக் கொண்டுபோனேன். திங்கட்கிழமை பார்த்துக் கிளம்பினேன். வழி முழுக்க ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு அந்தத் துண்டுகள் வெளுத்துக் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் இரண்டு வாரத்தில் சிதம்பரத்துக்கு வந்தது. இரண்டு பக்கம், நிதானமான டைப் எழுத்து. புற்று அல்ல. ஒரு வயதுக்குள் அபூர்வமாக வரும் நார்க்கட்டி. வேகமாக வளரும், பயமுறுத்தும், ஆனால் உடம்பில் வேறெங்கும் பரவாது. கட்டியை மட்டும் அகற்றுவதே போதுமானது. கை கால்களை எடுப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

சர்ஜன் இரண்டு தடவை படித்தார். மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "ரத்தம் போயிட்டு இருந்தது. அன்னிக்கி அந்த நிலமைல யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க," என்றார். உண்மையாக இருக்கலாம். ஆனால் முதல் சீசா ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் அப்படி ஒரு நாளே வந்திருக்காது. அவருக்கும் அது தெரியும். அதன்பிறகு நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் புண்ணைக் காட்டச் சிதம்பரத்துக்கு வந்தார்கள். அன்றைக்கு சர்ஜனின் அறையில் நான்தான் இருந்தேன். குழந்தை தேறியிருந்தது, கன்னம் உப்பியிருந்தது. வலது கையில் இரண்டு கருவளையல். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததையும் அம்மாக்காரி அதே கையில் போட்டுவிட்டிருந்தாள். குழந்தையின் அப்பா ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜைமேல் என் முன்னால் வைத்தார். கருவாடு. "வஞ்சிரங்க. நானே போட்டது. ரெண்டு மாசமானாலும் கெடாது," என்றார்.

மனைவி குழந்தையோடு வெளியே போனபிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். நான் அந்த உப்பு போடாம இருந்திருந்தா... கை நின்னிருக்குங்களா?"

ரிப்போர்ட் இரண்டடி தூரத்தில், அந்த டிராயரில்தான் இருந்தது.

"இல்ல. எப்படியும் எடுத்துத்தான் ஆகணும்," என்றேன்.

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்ப நான் கெடுக்கலீங்களே?"

"நீங்க கெடுக்கலீங்க," என்றேன். அன்றைக்குத்தான் அவரை முதல் தடவையாக நீங்க என்று கூப்பிட்டேன்.

இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். முதலில் சொன்னது பொய். இரண்டாவது பொய் இல்லை. கெடுத்தது நான் என்று அதோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அவரைத் திட்டத் தெரிந்த எனக்கு, அதைச் சொல்ல வாய் வரவில்லை.