வெற்றுப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்துகள்

எங்கள் ஊராட்சித் தலைவர் மறைந்து ஓராண்டு நிறைந்தபோது அரியலூர் மண்டபம் ஒன்றில் நினைவுக் கூட்டம் நடந்தது. அவர் வாழ்வு உணர்த்தும் தலைமைப் பண்புகள் பற்றிப் பேச, பெரம்பலூரில் குடியேறிவிட்ட என்னை அழைத்திருந்தனர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். அவர் காலத்துத் தீர்மானங்களை எழுதிக் கொடுத்தவனும் நானே.

கிராம சபையில் ஒரு வழக்கம் இருந்தது. களையெடுக்கப் போகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று, வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவோம். தீர்மானத்தைப் பிறகு நான் எழுதுவேன். ஒருமுறை சுண்ணாம்புக்கல் சுரங்கத்தார் தந்த வரைவைப் பார்த்து எழுதினேன். முதல் பத்தி சாலை போட்டுத் தருவது பற்றியது. மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுக்கும் பத்தி கடைசியில் இருந்தது. கை எழுதியது, கவனம் அதில் இல்லை. யாருக்கும் வாசித்துக் காட்டவுமில்லை. படித்தவன் எழுதினால் சரியாயிருக்கும் என்று நானே நம்பினேன். தலைவரும் நம்பிக் கையெழுத்திட்டார்.

மேய்ச்சல் நிலத்தில் சுரங்கத்தாரின் பொக்லைன் வந்து நின்ற அன்று ஊர் அவரைச் சூழ்ந்தது. "தப்பு என்னோடதுங்க. வேற யாரையும் கேக்காதீங்க" என்றார். அடுத்த தேர்தலில் தோற்றார். தனிமையில்கூட என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

"பிறர் பிழையைத் தம் தோளில் ஏற்றவர்" என்று மேடையில் முழங்கினேன். ஆடு வளர்க்கும் பெண்ணொருத்தி எழுந்தாள்.

"பிறர்னா யாருங்க சார்? அவரு நெலத்த வித்துட்டாருன்னுல்ல நாங்க ஏசிக்கிட்டிருக்கோம்."

"உக்காருக்கா. செத்தவருக்கு வெள்ளையடிக்கிறாங்க, நீ சொவத்த தடவிப் பாக்குற" என்றார் பக்கத்திலிருந்தவர். சிரிப்பு எழுந்தது.

"அந்த விவரம் இப்போது தேவையில்லை" என்று சொல்லி அமர்ந்தேன்.

கூட்டம் கலைந்ததும் தலைவரின் மகள் வந்தாள். "அப்பா விக்கலன்னு நீங்க சொன்னா ஊரு கேக்கும்னு இருந்தேன் சார்."

"சொன்னேனே, அம்மா."

"ஆள சொல்லாம சொன்னா யாரு நம்புவா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

நினைவு மலருக்கு என் உரையைக் கேட்டிருக்கிறார்கள். மேடையில் பேசியதை விடுத்து இதை அனுப்புகிறேன். அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். தலைவர் எதையும் விற்கவில்லை. என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பார்கள் என்பதை எண்ணும்போது கை கூசுகிறது. ஆயினும் ஒரு வரியையும் குறைக்காமல் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.