கோங்க

ஏழு வயது வரைக்கும் நான் ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் வாழ்ந்தேன். மண்ணரை என்ற ஊரில் எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள் எந்த ஆட்டம் ஆடினாலும் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு ஆளாக மதிக்க மாட்டார்கள். என்னைத் தொட்டாலும் அவுட் இல்லை, நான் தொட்டாலும் அவுட் இல்லை. சேர்க்காவிட்டால் அம்மாவிடம் போய் அழுவேன் என்பதற்காகச் சேர்த்துக்கொண்ட உருப்படி நான். அந்த வயிற்றெரிச்சலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கோடை விடுமுறையில் அடுத்த தெருப் பெண்களோடு கோ-கோ போட்டி என்று பேச்சானது. எங்கள் அணிக்குத் தலைவி பக்கத்து வீட்டு அக்கா. அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் டைலராக இருந்தார். அக்கா ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவள், குரல் ஊரைக் கூட்டும். ஆட ஒன்பது பேர் வேண்டும். இரண்டு நாள் இருக்கையில் எங்கள் ஆள் ஒருத்தி கோயில் கொடைக்கென்று சொந்த ஊருக்குப் போய்விட்டாள். அக்கா தெருவை இரண்டு தடவை சுற்றி வந்தும் யாரும் அகப்படவில்லை. கடைசியில் என் முன்னால் வந்து நின்று, கறிகாய்க் கடையில் மிஞ்சின கத்திரிக்காயைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“ஏட்டி, ஞாயித்துக்கெழம நீயும் ஆடுத. சொதப்புனேன்னு வையி, பத்தாங் கிளாஸ் வரைக்கும் நீ சப்பாணிதான்.”

எட்டுப் பேர் வரிசையாக உட்கார வேண்டும், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் துரத்த வேண்டும். எட்டவில்லையென்றால் உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு ‘கோ’ என்று கத்த வேண்டும். அவள் எழுந்து துரத்துவாள், நாம் அவள் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். எதிரணியினர் மும்மூன்று பேராக இறங்கி ஓடுவார்கள். அவ்வளவுதான் ஆட்டம். ஓடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாய்தான் காலை வாரியது.

எங்கள் வீட்டில் நாய்க்குட்டியைக்கூட “தள்ளிப் படுங்க சாமி” என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை சித்தியைப் பார்த்து ‘போ’ என்று சொன்னதற்கு அம்மா தொடையில் வைத்த கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அப்படி வளர்த்த பிள்ளையை, தன்னைவிடப் பெரிய அக்காக்களின் முதுகைத் தட்டி ‘கோ’ என்று கத்து என்றால்? எனக்கு அது ‘போ’ என்றே கேட்டது. பழக இறங்கிய முதல் தடவையே நாக்கு தானாக மரியாதையைச் சேர்த்துக்கொண்டது.

“கோங்க,” என்றேன்.

தெருவே சிரித்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு, நூறு தடவை ‘கோ’ சொல்லச் சொன்னாள். தனியாக நின்று நூறும் சரியாகச் சொன்னேன். முதுகைக் கண்டதும் கோங்க. அழுதுகொண்டே கோங்க. வீட்டுக்குப் போய் கிரைண்டரைத் தொட்டுத் தொட்டு ‘கோ’ பழகினேன். அம்மா, “என்னாச்சுங் கண்ணு” என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பெனிக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் சவுக்குக் கம்பு நட்டு, கோலமாவில் கோடு போட்டார்கள். கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணியைக் கிழித்து, எங்களுக்குச் சிவப்பும் அவர்களுக்கு நீலமும் இடுப்பில் கட்டினார்கள். நடுவர் ஒரு கட்டிங் மாஸ்டர். எதிரணித் தலைவியின் அப்பாவே அவர்தான். முதலில் நாங்கள் ஓடினோம். என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எங்களில் ஐந்து பேரை அவர்கள் அவுட்டாக்கியிருந்தார்கள். நாங்கள் ஆறு பேரைத் தொட்டால் ஜெயம்.

துரத்த ஆரம்பித்தோம். நான் இரண்டு தடவை கோங்க சொன்னேன். இரண்டு தடவையும் உட்கார்ந்திருந்தவள் குழம்பிப்போய் தாமதமாக எழுந்தாள். போச்சு, பத்தாங் கிளாஸ் வரைக்கும் சப்பாணி என்று முடிவே செய்துவிட்டேன். அப்போது அக்கா, காலில் முள் குத்திவிட்டது என்று பொய் சொல்லி ஆட்டத்தை நிறுத்தி, எங்களைக் கூட்டினாள்.

“நீ இனிமே கோங்கன்னே சொல்லுட்டி. இவ சொல்லும்போது மட்டும், ‘ங்க’ காதுல விழுந்த பொறவு எந்திரிங்க.”

விஷயம் இதுதான். ‘கோ’ என்று கேட்டதும் ஓடுகிறவள் வலமோ இடமோ திரும்பிவிடுவாள். ‘ங்க’ முடியும்வரை உட்கார்ந்திருப்பவளுக்கு அவள் போகும் பக்கம் தெரிந்துவிடும். நேரே அங்கே பாயலாம். நான் வாய் நிறைய மரியாதை கொடுத்தேன். ஒருத்தி அவுட், இரண்டு, மூன்று என்று போய் ஐந்து பேர் விழுந்தார்கள். எதிரணித் தலைவிக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, அவ கள்ளாட்டம் ஆடறாளுங்க. அது கோ இல்லீங்க, கோங்க.”

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“கோ வந்துச்சுங்களா? வந்துச்சு. மிச்சம் மரியாதைங் கண்ணு. மரியாதைக்கெல்லாம் பவுல் குடுக்க முடியாது.”

கடைசி நிமிடத்தில் அந்தத் தலைவியையே நான் துரத்தினேன். அவள் கால் நீளத்துக்கு என்னால் எட்ட முடியாது. எங்கள் அக்காவின் முதுகு தெரிந்தது. ஓங்கித் தட்டி, “கோங்ங்க” என்று மூச்சு இருக்கும்வரை இழுத்தேன். தலைவி இடப்பக்கம் திரும்பினாள். அக்கா இடப்பக்கம் பாய்ந்தாள். தோளைத் தொட்ட சத்தம் எனக்கே கேட்டது, அப்புறம்தான் ஆட்டம் முடிந்த விசில் வந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். சிவப்புத் துணியை அவிழ்க்காமலே குளித்தேன்.

மறுநாள் சாயங்காலம் எங்களுக்குள்ளேயே இரண்டு அணி பிரித்து ஆடினோம். அக்கா எனக்கு எதிரணி. நான் ஓட இறங்கியதும், மற்ற இரண்டு பேரை விட்டுவிட்டு எல்லாரும் என்னையே குறிவைத்து, அரை நிமிடத்தில் தொட்டுவிட்டார்கள். தொட்டது அக்காதான். நேற்று ஜெயித்துக் கொடுத்தவளை இப்படியா செய்வார்கள் என்று அம்மாவிடம் ஓடிப்போய் அழுதேன். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, சின்னப் புள்ளைங்க, விட்டுக் குடுத்துப் போகக் கூடாதுங்களா என்று கேட்டார்.

“அவ அவுட்டு சித்தி,” என்று அம்மாவிடம் சொன்னாள் அக்கா. “நெசமாவே அவுட்டு.”

நான் இன்னும் சத்தமாக அழுதேன். நேற்று முழுக்க ஆடி நான் ஜெயித்தது இந்த அவுட்டைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.