உயிருள்ளவருக்குப் போட்ட மாலை

வாசிகசாலைச் சுவரில் சாய்த்த ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். வாயில் இரண்டு ஆணி, கையில் சுத்தியல். நான்காவது படத்தை மாட்டி மாலையைச் சரிசெய்தபோது கீழேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏங்க நானா, நான் எப்ப செத்தேன்?"

திரும்பிப் பார்த்தேன். படத்தில் இருந்த அதே முகம், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றது. யா அல்லாஹ்! ஆணியை விழுங்காதது பெரிய காரியம்.

ராகலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் படங்களுக்கு ஃபிரேம் போடுகிற கடை என்னுடையது. வாப்பா காலத்துத் தொழில். முஸ்லிம் அண்ணன் என்பதால் ஊரில் எல்லோருக்கும் நான் 'நானா'. கல்யாணப் படம், முருகன் படம், பட்டம் வாங்கிய பிள்ளையின் படம் எல்லாம் வரும். செத்தவர் படமென்றால் கறுப்பு பீடிங் சட்டம், பிளாஸ்டிக் சந்தன மாலை, சிவப்பு பல்பு. எங்கள் மலையில் அதுதான் வழக்கம். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் அடிக்க வந்துவிடுவார்கள்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், புத்தகம் படிக்கப் புதிய வாசிகசாலை திறக்க இருந்தார்கள். அதை நடத்தும் இளம்பெண்கள் நான்கு படங்களோடு கடைக்கு வந்தார்கள்.

"நாட்டத் திருத்துனவங்க நானா. செவத்துல வரிசையா மாட்டணும்."

இலவசக் கல்விக்காக வாதாடியவர், பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று நின்றவர், தொழிலாளிக்குச் சட்டம் கேட்டவர். மூவரும் பழைய காலத்து ஆட்கள். நான்காவது, கொழுந்துக் கூடை சுமந்த ஒரு அம்மா. போனில் எடுத்த படம்தான், மற்றவற்றோடு ஒத்துப்போகட்டும் என்று அதையும் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள். நான் எதையும் விசாரிக்கவில்லை. நான்குக்கும் மாலையும் சிவப்பு பல்பும் போட்டுவிட்டேன்.

இப்போது ஏணிக்குக் கீழே நின்ற அந்த அம்மாதான் ராமாயி. வயிற்றுப்பிள்ளைக்காரிகளையும் செங்குத்தான மேல்மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிய காலத்தில், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்திலேயே எல்லாப் பெண்களையும் உட்காரவைத்தவர். தோட்டத்தை நடத்திய துரை கத்தினார், கங்காணி கெஞ்சினார். "அவங்களுக்குக் கீழ்மலன்னு சொல்லுங்க, எந்திரிக்கிறோம்" என்று ராமாயி ஒரே பேச்சில் நின்றார். அன்று முதல் அந்தத் தோட்டத்தில் அதுவே வழக்கமாயிற்று.

அந்த நேரம் தோட்டத்துக் கோயில் தலைவர் வேகமாக வாசிகசாலைக்குள் வந்தார். ஒரு கூடைக்காரியின் படம் பெரியவர்களோடு தொங்குவதில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை. இப்போது வசதியாகப் போயிற்று.

"பாத்தீங்களா அபசகுனத்த! உசுரோட இருக்கிறவங்கள செத்தவங்களோட மாட்டுனா தோட்டத்துக்கே ஆகாது. கழட்டுங்க நானா. ராமாயி காலத்துக்குப் பொறகு பாத்துக்கலாம்."

படம் கொண்டுவந்த இளம்பெண்களின் முகம் வாடிப்போயிற்று. எனக்கு மண்டை சூடேறியது. மாலை போட்டது என் தப்பு. அதற்கு அந்தப் படத்தை ஏன் இறக்க வேண்டும்?

"நான் மாட்டுன படத்த நான் கழட்ட மாட்டேன் தலைவரே. நீங்களே ஏறிக் கழட்டுங்க. ஏணி ஒன்னுதான் இருக்கு, அதுல நான் நிக்கிறேன்" என்றேன்.

ராமாயி தலைவருக்கு நேரே போய் நின்றார்.

"செத்த பொறகு மாட்டுனா நான் எப்படிங்க பாக்குறது? அன்னைக்குப் பெரட்டுல ஒங்க சம்சாரமும் வயித்துப் புள்ளயோட எங்கூடத்தான் ஒக்காந்திருந்தாங்க. அப்ப அபசகுனமாத் தெரியலையே!"

தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராமாயி என் பக்கம் திரும்பினார்.

"நானா, எம் மாலையக் கழட்டுங்க. அந்த மூணு பேரு மாலையையும் கழட்டுங்க."

"அவங்க செத்தவங்கதானேம்மா?"

"இந்தப் புள்ளைங்க படிக்குதுங்க. நான் ஓட்டுப் போடுறேன். அவங்க எங்க செத்தாங்க?"

நான்கு மாலைகளையும் கழற்றினேன், சிவப்பு பல்புகளையும் பிடுங்கினேன். கடைசிப் பல்புக்கு எட்டியபோது ஏணி ஆடியது. கீழே வந்து பிடித்துக்கொண்டவர் கோயில் தலைவர்.

நாட்டுக்கு நல்லது செய்தவர்களின் படம் கடைக்கு வந்தால் இப்போது நான் மாலை போடுவதில்லை. சண்டைக்கு வருபவர்களிடம், வாசிகசாலைக்குப் போய் ராமாயியிடம் கேளுங்கள் என்பேன். தன் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.