சங்குக் குவியலில் ஒரு பேராசிரியர்

பேத்தி பாடத்துக்கு வைத்திருந்த ஒரு அமெரிக்க நாவலைப் போன வாரம் எடுத்துப் புரட்டினேன். வயதான பேராசிரியர் ஒருவருக்கு உழைத்ததெல்லாம் வீண் என்று தோன்றிவிடுகிறது. இருபது பக்கம் தாண்டவில்லை, எனக்குக் கீழக்கரைச் சங்கு நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

உங்களுக்கு அந்த நாற்றம் தெரியாது, கொடுத்துவைத்தவர்கள். கடலிலிருந்து எடுத்த சங்குகளைக் குவித்துப்போட்டு, உள்ளிருக்கும் சதை அழுகும்வரை விட்டுவைப்பார்கள். அப்படி ஒரு குவியலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் கல்லூரியின் சரித்திரப் பேராசிரியர். பரம்பரைச் சைவம் வேறு.

அன்று காலை ராமநாதபுரத்தில் அவருடைய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். கீழக்கரை வாடகை வீட்டிலிருந்து அந்த மேசை தவிரச் சாமான்களெல்லாம் போய்விட்டன. சங்கு வியாபாரம் செய்யும் வீட்டுக்கார மரைக்காயரும் அழுக ஆரம்பித்த சங்கை முற்றத்தில் கொட்டிவிட்டார். இவர் மட்டும் நகரவில்லை. காரணம், முந்தின நாள் பிரின்ஸிபால் அலமாரியில் பார்த்த தன் புத்தகம். இருபது வருஷ உழைப்பு. கொடுத்து ஒரு வருஷமாகியும், அந்தக் காலத்து வழக்கப்படி ஓரம் வெட்டாமல் ஒட்டியிருந்த தாள்களை யாரும் கத்தி வைத்துப் பிரிக்கவே இல்லை.

நான் அப்போது அவருக்குக் கீழே ட்யூட்டர். அவர் மனைவி என்னைத்தான் அனுப்பினார். "தம்பி, அவுக இல்லாம நான் எப்படி அடுப்பப் பத்தவைப்பேன்? நல்ல நேரம் பத்தரைக்கு முடியுது. தூக்கிட்டாவது வாங்க."

மூக்கைப் பொத்திக்கொண்டு போய்க் கூப்பிட்டேன்.

"எழுதுனதப் படிக்க ஒரு ஆளு இல்ல. எனக்கு எதுக்குலே புது வீடு?"

"நான் படிச்சேன் சார்."

பொய். அட்டையில் மன்னார் வளைகுடா என்று போட்டிருந்தது, அதோடு சரி. ஆனால் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

"அஞ்சாவது அத்தியாயம் எப்படி?"

"சங்கு எடுக்குறத அப்படியே கண்ணுல காட்டிட்டீக சார்."

"ஏலே, சங்கப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதலையே! புஸ்தகம் பூரா முத்துக்குளிப்புல்ல?"

செத்தேன் என்று நினைத்தேன். மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டார். "வா, போவோம். எனக்காகப் பொய் சொல்லவாவது ஒருத்தன் இருக்கியே."

நேரத்துக்குப் பால் பொங்கியது. அதற்கு முன்னால் அவர் மனைவி அவரைக் கிணற்றடியில் நிறுத்தி மூன்று தரம் குளிக்கவைத்தார். அதன் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை, கத்தரிச்செடி போட்டார்.

அவர் காலமான பிறகுதான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மேலே இழுக்கிற கயிற்றை நம்பி மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு மூச்சடக்கிக் குதிக்கிறவர்கள் பக்கத்துக்குப் பக்கம் உயிரோடு இருந்தார்கள். கடலில் இப்போது அவர்கள் யாரும் இல்லை. பிரமாதமாக எழுதியிருக்கிறீர்கள் சார் என்று இன்றைக்குப் பொய்யில்லாமல் சொல்வேன். கேட்கத்தான் அவர் இல்லை.