குடத்துக்குள் ஊதி மீட்ட மூச்சு

1947-ஆம் வருஷம் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டிரில் டீச்சர். அந்தக் கோடையில் நிமோனியா வந்து, மார்பில் சீழ் கட்டி, ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் அதே ஆபரேஷன் ஆன மீன்காரம்மா ஒருவர், திருவான்மியூர்க் குப்பத்துக்காரர். நர்ஸ் எங்கள் இருவருக்கும் குழாய் பொருத்திய இரண்டு சீசாக்களைக் கொடுப்பார். ஒன்றில் இருக்கும் தண்ணீரை வாயால் ஊதி மற்றதற்குத் தள்ள வேண்டும். மூச்சுத் தசைகளுக்குப் பலம் வர அதுதான் பயிற்சி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். ஊருக்கே உடற்பயிற்சி சொல்லித்தருகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்பு. வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே, பிள்ளைகளோடு மைதானத்தை ஒரு சுற்று ஓடி முடிப்பதற்குள் மூச்சு முட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியை பார்த்துவிட்டார். பொங்கல் வரை பார்க்கலாம், முடியாவிட்டால் தையல் வகுப்புக்கு மாறிவிடு என்று தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மந்தைவெளியில் அந்த மீன்காரம்மா தலையில் கூடையோடு எதிரே வந்தார். குப்பத்திலிருந்து நடந்தே வந்தவர், வழியில் அடையாறு பாலத்தில் மட்டும் ஒரு தடவை கூடையை இறக்கினாராம். நான் இரைக்க இரைக்கப் பேசுவதைக் கவனித்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, ஊதறத வுட்டுட்டியா?" என்றார்.

சீசா இல்லையே என்று சமாளித்தேன்.

"எங்கிட்ட மட்டும் சீசா கீதா? கொடத்துல தண்ணி ரொப்பி, ரப்பர் குயாய வுட்டு ஊதிக்கினு கீறேன். குயா எவ்ளோ உள்ள போவுதோ அவ்ளோ கஸ்டம். அப்பத்தான் நெஞ்சுக்கு வேல."

அன்றே மருந்துக்கடையில் ரப்பர் குழாய் வாங்கினேன். காலையும் மாலையும் குடத்தின் முன் உட்கார்ந்தேன். முதலில் நாலு விரல் ஆழம். அதற்கே தலை சுற்றியது. போகப் போக ஒரு சாண். இதைப் பார்த்துச் சிரித்த என் வீட்டுக்காரர் ஒருநாள் தானும் ஊதிப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கவில்லை. தீபாவளிக்குள் இரண்டு சுற்று ஓடினேன், கார்த்திகையில் நாலு.

பொங்கல் லீவுக்கு முந்தின நாள், தலைமையாசிரியை வராந்தாவில் நிற்க, பிள்ளைகளோடு ஆறு சுற்று ஓடினேன். எனக்கு முன்னால் ஓடியவர்கள் இரண்டே பெண்கள். நின்ற கையோடு வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் உரக்க வாசித்தேன், குரல் உடையவில்லை. "தையலுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

கல்லூரி நாட்களில் ஓடி வாங்கிய கோப்பைகள் தராத பெருமையை அந்த ஆறு சுற்று எனக்குத் தந்தது. அதில் பாதி அந்த மீன்காரம்மாவுக்குச் சேர வேண்டியது என்பதை இன்றும் யாரிடமும் சொல்லத் தயங்கமாட்டேன்.