பொன்ராஜின் இடக்கைக் கிடார்

பொன்ராஜ் பிறவியிலேயே இடக்கைக்காரர். உடன்குடிப் பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து எழுத்தை மட்டும் வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். கல்லெறிவதும் கத்தரி பிடிப்பதும் தலை வாருவதும் இடக்கையிலேயே நின்றுவிட்டன. 1968-ல் தாய்மாமா கருணாகரன் அவரை மதராசுக்கு அழைத்து வந்து, தி. நகர் உஸ்மான் ரோட்டில் இருந்த தம் ஜவுளிக்கடையில் நிறுத்தியபோது சொன்ன முதல் புத்திமதியே அதைப் பற்றித்தான். சேலையை விரித்துப் போடுவதும் பையை நீட்டுவதும் வலக்கையில்தான் இருக்க வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் இடக்கை நீளக் கண்டால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்றார் மாமா.

பொன்ராஜ் பழகிக்கொண்டார். கைராசிக்காரன் என்று பெயரும் எடுத்தார். சீக்கிரமே மாமா அவரைப் பட்டுப் பிரிவில் உட்கார வைத்தார்.

பட்டு எடுத்தவர்கள் கடைக்கும் பத்திரிகை வைத்துவிட்டுப் போவது வழக்கம். மாமாவுக்குக் கல்லாவை விட்டு நகர முடியாது. அதனால் ரிசப்ஷன்களுக்கெல்லாம் பரிசுப் பொட்டலத்தோடு பொன்ராஜ்தான் போவார். அப்படி மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில்தான் பத்ரிநாராயணன் வாசிப்பதை முதன்முதலாகக் கேட்டார்.

பத்ரிநாராயணன் பகலில் வங்கி ஊழியர். மாலையில் ஒரு சின்ன மெல்லிசைக் கோஷ்டியின் தலைவர். முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று, கழுத்தில் மாட்டிய கிடார். அந்தக் காலத்துக் கல்யாணக் கச்சேரிகளில் கிடார்காரர் என்றால் விட்ட இடமெல்லாம் விரலை ஓட்டிக் கைதட்டல் வாங்குகிறவர்தான். பத்ரி அப்படியில்லை. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்துக்காகக் காத்திருப்பார். அங்கே ஒரு சுரத்தைத் தொட்டு, கம்பியிலேயே இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுவார். அவ்வளவுதான். அந்த இழுப்பு பொன்ராஜின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடாமலே கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்திருந்தார்.

மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கிடாரை வாங்கிவந்து கடை மாடியில் வைத்துக்கொண்டார். அதை மடியில் வைத்தவுடன் இடக்கைதான் மீட்டப் போயிற்று. கிடாரின் கழுத்து வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. கம்பிகளோ தலைகீழாக இருந்தன. மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே கிடந்தது. வலக்கையால் மீட்டிப் பார்த்தார். அது எழுத்து மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. எழுதலாம், கோணல் போகாது. ஆகவே தலைகீழாகவே வைத்துக்கொண்டு தடவிப் பழகினார். கற்றுக்கொடுக்க யாரையும் தேடவில்லை. பத்ரியின் கச்சேரி எங்கே இருந்தாலும், கடைக்குப் பத்திரிகை வந்திருந்தால் போதும், முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அங்கே ஒரு விசேஷத்தைக் கண்டுபிடித்தார். எதிரே நிற்பவரின் கிடார் எந்தப் பக்கம் நீள்கிறதோ, அதே பக்கம்தான் இவருடையதும் நீளும். வலக்கைக்காரர்கள் பார்த்துவிட்டு மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியதை, இவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்ரியின் இடக்கை விரல்கள் கம்பியில் எங்கே போகின்றனவோ, அங்கே இவருடைய வலக்கை விரல்கள் வெறுங்காற்றில் போய்வந்தன.

இதைப் பத்ரி கவனித்துவிட்டார். ஒவ்வொரு கல்யாணத்திலும் அதே ஆள், அதே முன்வரிசை, அதே விரலாட்டம். ஒருநாள் இடைவேளையில் மேடையை விட்டு இறங்கி நேரே வந்தார்.

"உங்களை ரொம்ப நாளாப் பாத்துண்டிருக்கேன். என்னைப் பாத்து விரலை ஆட்டிண்டே இருக்கேளே, கேலி பண்றேளா?"

பொன்ராஜ் எழுந்து நின்றார். "கேலி இல்ல சார். நான் இடக்கைக்காரன். நீங்க வாசிக்கது எனக்குக் கண்ணாடியில பாக்கது மாதிரி இருக்கு."

பத்ரி நம்பவில்லை. மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய்க் கிடாரை நீட்டினார். பொன்ராஜ் அதைத் தலைகீழாக வாங்கி, தலைகீழான கம்பிகளிலேயே அந்த இழுப்பை வாசித்துக் காட்டினார். முரடாகத்தான் இருந்தது. ஆனால் சரியான இடத்தில் போய் நின்றது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கோஷ்டியில் பாங்கோஸ் மேளம் தட்டும் ஹனீஃபாதான் முதலில் வாயைத் திறந்தார். திருவல்லிக்கேணியில் ஆர்மோனியம் பழுது பார்ப்பது அவர் தொழில்.

"இன்னா நைனா, தலகீயா வெச்சிக்கினே வாசிக்கிற? கம்பிய மாத்திக் கட்டினா முடிஞ்சிது. ஞாயித்துக்கெயம நம்ம வூட்டுக்கு வா."

கம்பிகள் உட்காரும் காடிகளை ஹனீஃபா புதிதாக அறுத்துக் கொடுத்தார். சில இடங்களில் கம்பி அதிர்ந்து இரையும், பொறுத்துக்கொள் என்று சொல்லியே அனுப்பினார். அன்றிலிருந்து பொன்ராஜ் காலையில் கடை திறப்பதற்கு முன் மொட்டைமாடியில் உட்கார்ந்தால், கீழே ஷட்டர் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பார்.

வாசிப்பு முன்னேற முன்னேற வேறொரு தொல்லை முளைத்தது. கம்பியை அழுத்தி அழுத்தி வலக்கை விரல்நுனிகள் காய்த்து வெடித்தன. அந்த விரல்களால்தான் பட்டை விரித்துக் காட்ட வேண்டும். ஒருநாள் அரக்குநிறச் சேலை ஒன்றை அவர் நீவிக் காட்டியபோது காய்ப்பில் மாட்டி ஓர் இழை எழும்பிவிட்டது. வாங்க வந்த அம்மாள் அதைத் தூக்கிப் பிடித்து மாமாவிடம் காட்டினார். மாமா சமாளித்து அனுப்பிவிட்டு மருமகனின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"எல, இந்த விரல வச்சிக்கிட்டு இனி பட்டத் தொடலாமா? ஒண்ணு அந்தப் பெட்டிய விடு. இல்லன்னா பட்ட விடு."

"என்னைய வேட்டி துண்டுப் பக்கம் போட்டிருங்க மாமா" என்றார் பொன்ராஜ்.

ஊரிலிருந்து புதிதாக வரும் பையன்களை நிறுத்தும் இடம் அது. மாமா கோபத்தில் நிஜமாகவே அங்கே அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் தானாக வந்து கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தார். பொன்ராஜ் கெஞ்சவில்லை. வேட்டியும் துண்டும் விற்றார்; காலையில் மாடி ஏறினார்.

1971 வாக்கில் பத்ரி அவரைக் கோஷ்டியில் இரண்டாவது கிடாராகச் சேர்த்துக்கொண்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கிடார்களின் கழுத்துகள் எதிரெதிர்த் திசையில் விரியும். வேடிக்கையாகப் பார்க்கிறவர்களும் உண்டு, முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. பொன்ராஜ் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

ஒருமுறை அடையாறில் ஒரு ரிசப்ஷன். இரண்டு பாட்டு முடிவதற்குள் மணப்பெண்ணின் பெரியப்பா மேடையோரம் வந்துவிட்டார். மங்கள காரியத்தில் ஒருவன் இடக்கையால் வாசிப்பதா, அவனை இறக்கு, இல்லையென்றால் கச்சேரியையே நிறுத்து என்றார். பத்ரி பொன்ராஜின் காதருகே குனிந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும். திரைக்குப் பின்னாடி உக்காந்து வாசிச்சுடுங்கோ. இங்க சண்டை போட முடியாது."

பொன்ராஜ் போனார். நீலத் திரைக்குப் பின்னால், காலி சோடா பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, முன்னால் பாடுகிறவரைப் பார்க்கவும் முடியாமல், காதை மட்டும் நம்பி மீதிக் கச்சேரியை வாசித்தார். பிசகே இல்லை. கடைசியில் அந்தப் பெரியப்பாவே வந்து, கிடார் பிரமாதம் என்று பத்ரிக்குக் கை கொடுத்தார். திரை மறைவிலிருந்து பொன்ராஜ் அதைக் கேட்டார். அவமானத்தைவிட அவருக்கு உறைத்தது வேறு விஷயம்: நாளைக்கும் இப்படி உட்கார்ந்தால் இதுவே தன் இடமாகிவிடும்.

பஸ் ஸ்டாப்பில் வைத்துப் பத்ரியிடம் சொன்னார். "சார், மேடையில நின்னா வாசிக்கேன். திரைக்குப் பின்னால இனி வர மாட்டேன்."

"கூப்பிடறவா இருந்தாத்தான் கோஷ்டி. அதைக் கொஞ்சம் யோசிக்கணும்."

"யோசிச்சிட்டேன் சார். நான் இல்லாம நடத்துங்க."

குரல் உயரவில்லை. ஆனால் பஸ் வந்ததும் பொன்ராஜ் ஏறிவிட்டார். பத்ரி அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் பொன்ராஜ் எந்த மேடையிலும் ஏறவில்லை. அவர் மனம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் ஹனீஃபா ஒரு ஞாயிறு மாலை பாங்கோஸோடு தி. நகருக்கு வந்தார். வந்து பார்த்தால் பொன்ராஜ் மொட்டைமாடியில் தனியாக ஒரு முழுப்பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். அதுவரை பத்ரி மெட்டை எடுத்துக்கொள்வார், இவர் பின்னால் தாங்கிக்கொண்டே போவார். இப்போது முன்னால் யாரும் இல்லாததால் மெட்டையும் தாங்கலையும் ஒரே கிடாரில் சேர்க்கப் பழகியிருந்தார். பத்ரியின் இழுப்பு அதில் இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் பத்ரியுடையது இல்லை. ஹனீஃபா உட்கார்ந்து தாளம் போட்டார். பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்.

1974 தை பிறந்ததும் பத்ரிநாராயணன் தம் அம்மா கோமளத்தோடு கடைக்கு வந்தார். தங்கை சூடாமணிக்குக் கல்யாணம். அம்மாள் பட்டுப் பக்கம் உட்கார்ந்ததும் பத்ரி வேட்டிப் பக்கம் வந்தார். மாப்பிள்ளைக்கு வேட்டி பார்ப்பதுபோல ஒன்றிரண்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"ரிசப்ஷன்ல நம்ம கோஷ்டிதான். ஆனா நான் பொண்ணாத்துக்காரன், வாசல்ல நிக்கணும். என் இடத்துல நீங்கதான் வாசிக்கணும்."

"எங்க நின்னு சார்?"

"நடுவுல. முன்னாடி."

"உங்க வீட்டுப் பெரியவங்க?"

"அவாளை நான் பாத்துக்கறேன். அன்னிக்கே பாத்துண்டிருக்கணும்."

பொன்ராஜ் புரட்டிப்போட்ட வேட்டிகளை மடித்து அடுக்கினார். பிறகு வருவதாகச் சொன்னார்.

கல்யாணம் மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில். பொன்ராஜ் நடுவில் நின்று கிடாரை மாட்டியதுமே முன்வரிசையில் சலசலப்பு. இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். முதல் பாட்டில் அவர் விரல் வியர்த்து ஓர் இடத்தில் வழுக்கியது. ஹனீஃபா ஒரு சுற்று கூடுதலாகத் தட்டி அதை மூடினார். இரண்டாவது பாட்டின் பாதியில் ஒரு முதியவர் கைத்தடியோடு மேடையை நோக்கி வந்தார். பொன்ராஜ் அவரைப் பார்த்தார். வாசிப்பை நிறுத்தவில்லை; கண்ணையும் தாழ்த்தவில்லை.

வாசலிலிருந்து பத்ரி வேகமாக வந்து முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அவர் என் இடத்துல வாசிக்கறார். நான்தான் கூப்பிட்டேன். வாங்கோ, பந்தி போட்டாச்சு."

முதியவர் முணுமுணுத்தபடியே போனார். மனம் மாறித்தான் போனார் என்று சொல்ல முடியாது. காலியான நாற்காலிகளில் குழந்தைகள் ஏறிக்கொண்டார்கள். கச்சேரி நடந்தது. மாடியில் தனியாகப் பழகிய அந்தப் பாட்டைப் பொன்ராஜ் கடைசியில் வாசித்தபோது, பாடகரும் மைக்கை விட்டு விலகி நின்று கேட்டார். பத்ரி சாப்பாட்டுக் கூடத்தின் கதவருகில் நின்றிருந்தார். விருந்தாளி ஒருவர் பேச்சுக்கொடுத்தபோது, பாட்டு முடியட்டும் என்று கையைக் காட்டினார்.

பெரிய வியாபாரம் கொடுத்த குடும்பம் என்பதால் மாமா கருணாகரனும் அன்று வந்திருந்தார். மறுநாள் காலை கல்லாவில் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டே சொன்னார்.

"கச்சேரி இருக்க அன்னிக்கு மத்தியானமே கிளம்பிக்க. சட்டைய மட்டும் நம்ம கடைத் துணியில தச்சிக்க. நல்லா இல்ல, நேத்துப் போட்டது."

அதற்கப்புறம் கோஷ்டிக்கு இரண்டு கிடார் என்பதே அடையாளமாயிற்று. வேண்டாம் என்றவர்கள் வேறு கோஷ்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்படிச் சில கல்யாணங்கள் கைவிட்டுப் போகத்தான் செய்தன. பத்ரி அதைப் பற்றிப் பொன்ராஜிடம் பேசியதில்லை.

1976-ல் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கல்யாணத்தில் கேட்ட ஒருவர் இவர் பெயரைச் சொல்லியிருந்தார். பொன்ராஜ் புதுச்சட்டையோடு போனார். அவர் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். மேல்நாட்டு இசைக்குறிப்பு; ஐந்து கோடுகளும் அவற்றில் தொங்கும் புள்ளிகளும். இது படிக்க வராது, ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், அப்படியே பிடித்துக்கொள்கிறேன் என்றார் பொன்ராஜ். அதற்கு நேரமில்லை என்று மரியாதையாகவே அனுப்பிவிட்டார்கள்.

ஹனீஃபாவுக்கு ஆத்திரம் வந்தது. பொன்ராஜ் ஆத்திரப்படவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றுதானே சொன்னார்கள் என்றார். அடுத்த வாரமே சாந்தோமில் விசாரித்து, அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த ஆரோக்கியமேரியைக் கண்டுபிடித்தார். அவர் அடையாறில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளர். பொன்ராஜின் வயதுதான் இருக்கும். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"கோடு பாத்து வாசிக்க நான் காட்டறேன். ஆனா எங்க பாட்டுக் குழுவுல கிடாருக்கு ஆளில்ல. நீங்க வரணும். கை எதுவா இருந்தா எங்களுக்கென்ன?"

ஆங்கில எழுத்தே தடுமாறுகிற ஒருவருக்கு அந்தப் புள்ளிகள் லேசில் வசப்படவில்லை. வேட்டி மடிக்கும் அட்டைகளில் கோடு போட்டு, ஓய்ந்த மத்தியானங்களில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். தேறியதும் அவராகவே கோடம்பாக்கம் போய்த் தாளைப் பார்த்து வாசிக்க வரும் என்று சொன்னார். ஆள் எடுத்தாயிற்று, பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தார். பிறகு அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை.

1978 கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு மாலை. சாந்தோமில் அவர் அதற்குமுன் காதால் கேட்டேயிராத ஒரு பாட்டின் தாளை ஆரோக்கியமேரி ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஆர்கனில் போய் உட்கார்ந்தார். குழு எழுந்து நின்றது. பொன்ராஜ் முதல் வரியிலிருந்து பார்த்து வாசித்தார். பக்கம் திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு பிடித்துக்கொண்டு கடைசிவரை போனார். பாட்டு முடிந்ததும், அடுத்ததை வையுங்கள் என்றார்.