எழிலரசி மாற்றிய செட்டிங்

பெரம்பலூரில் இருந்துகொண்டு அரியலூர் மாவட்டத்துக்கும் சேர்த்து கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்த காலம் முழுக்க, எனக்கு எரிச்சல் மூட்டிய ஒரே பொருள் செட்டிங்ஸ் விண்டோ. நான் பார்த்த மெஷின்களில் ஓடும் லினக்ஸில் எந்த செட்டிங்கும் கடைசியில் ஒரு ஃபைலில் இருக்கும் நாலு வரிதான். அதை நேரே திறந்து திருத்தாமல், மவுஸைப் பிடித்துக்கொண்டு ‘அப்ளை’ தட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

திருமானூர் பக்கம் ஒரு கரும்பு எடைமேடை. காலை எட்டு மணிக்கே மேனேஜர் போன் செய்தார்.

“சார், ஹெட் ஆபீஸ் சர்வர் கனெக்ட் ஆவல. எடை டிக்கெட் வரல. ரோடு வரைக்கும் டிராக்டர் நிக்குது.”

“யாராச்சும் கை வெச்சாங்களா?”

“டிஎன்எஸ் நம்பர மாத்தச் சொல்லி ஹெட் ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்துச்சு. ஆபரேட்டர் எழிலரசிதான் செட்டிங்ஸ்ல போயி மாத்துச்சு.”

ஹெட் ஆபீஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எந்த நம்பரில் கேட்க வேண்டுமோ, அதுதான் டிஎன்எஸ்.

“அப்ப அந்தப் பொண்ணுதான் கெடுத்திருக்கும்” என்றேன். மெஷினைக் கண்ணால் பார்க்காமலேயே சொன்னேன்.

அரியலூரில் பஸ் மாறி, கீழப்பழுவூர் தாண்டிப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. இறங்கியதும் ஒரு டிரைவர் பிடித்துக்கொண்டார். “வெட்டுன கரும்பு நேத்துலேர்ந்து காயுதுங்க. காயக் காய எடை போவுது. நீங்க டீ குடிச்சுட்டு மெதுவா வாங்க!”

உள்ளே எழிலரசி சாப்பாட்டுப் பையோடு கிளம்பி நின்றாள். “நாளையிலேர்ந்து வராதன்னுட்டாங்க சார். மெயில்ல இருந்த நம்பரத்தான் போட்டேன். நாலு தடவ சரி பாத்தேன்.”

“சரியா போட்டிருந்தா வேல செஞ்சிருக்குமேம்மா” என்று எரிந்து விழுந்தேன்.

செட்டிங்ஸைத் திறந்தேன். நம்பர் சரியாகவே இருந்தது. ஃபைலைத் திறந்தால் உள்ளே பழைய நம்பர். இந்த செட்டிங்ஸ் டூலின் லட்சணம் இதுதான் என்று முணுமுணுத்தபடி நானே கையால் மாற்றி சேவ் கொடுத்தேன். சேவ் ஆகவில்லை. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் லாகினிலும் ஆகவில்லை. சந்தேகப்பட்டுப் பார்த்தபோது யாரும் திருத்த முடியாதபடி ஃபைல் லாக் செய்யப்பட்டிருந்தது.

அந்த லாக்கை எந்த டூலும் போடாது. ஒரு ஆள் உட்கார்ந்து கமாண்ட் அடித்தால்தான் விழும். அந்த ஆள் நான்தான். மெஷினை நிறுவிய அன்று, நான் எழுதிய வரியை டூல் திரும்பத் திரும்ப அழித்தது. ஆத்திரத்தில் ஃபைலை லாக் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. அதனால் எழிலரசி போட்ட சரியான நம்பர் விண்டோவிலேயே நின்றுவிட்டது.

லாக்கை எடுத்துவிட்டு, “நீயே அப்ளை குடும்மா” என்றேன். டிக்கெட் வந்தது. முதல் டிராக்டர் மேடை ஏறியது.

மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். “வேல முடிஞ்சுதுல்ல, விடுங்க சார். அந்தப் பொண்ணு விஷயம் மேல சொல்லியாச்சு. நீங்க சொன்னதத்தான் சொன்னேன்” என்றார்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதினேன்: ‘ஆபரேட்டர் செய்த மாற்றம் சரி. நான் முன்பு போட்ட லாக்தான் தடுத்தது. தவறு என்னுடையது.’ மேனேஜர் அதை போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். அரை மணி நேரத்தில், அவளைத் தொடர்ந்து வேலைக்கு வரச் சொல்லும்படி பதில் வந்தது.

டூல் பார்த்துக்கொள்ளும் ஃபைலில் இப்போது நான் கை வைப்பதில்லை. கையால்தான் எழுத வேண்டும் என்றால் டூலை நிறுத்திவிட்டு, காரணத்தையும் என் பெயரையும் முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

அன்று எழிலரசி அந்த ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

“கையெழுத்துக்குக் கீழ உங்க பேரத் தெளிவா எழுதுங்க சார். நான் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கறேன்” என்றாள்.